கடற்கரையில் நிற்கும் இத்தாலியர்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. நேயர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே அச்சில் தருகிறோம்.)



சென்னை மெரினா கடற்கரைச் சாலையில் நடந்திருப்பீர்கள். வள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார், பாரதிதாசன் என்று வரிசையாகச் சிலைகள். குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, சிலையின் நிழலில் உட்காரவைத்துவிட்டுக் கடலைப் பார்ப்போம். சிலையை அதிகம் பார்க்க மாட்டோம். அந்த வரிசையில் மூன்று பேர் தமிழ்நாட்டில் பிறந்தவர்கள் அல்லர். கால்டுவெல் அயர்லாந்தில் பிறந்தவர். ஜி.யு. போப் கனடாவின் இளவரசர் எட்வர்டு தீவில் பிறந்தவர். மூன்றாமவர் இத்தாலியர். கொன்ஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி என்று பெற்றோர் பெயரிட்டார்கள். தமிழர்கள் அவரை வீரமாமுனிவர் என்கிறார்கள்.

இந்தச் சிலைகள் வைக்கப்பட்டது 1968 சனவரியில், சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது. முதலமைச்சர் பேரறிஞர் அண்ணா. ஆட்சிக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. கடவுள் நம்பிக்கையைக் கேள்வி கேட்டு வளர்ந்த இயக்கத்திலிருந்து வந்த அரசு அது. அந்த அரசின் காலத்தில் ஒரு கத்தோலிக்கக் குருவுக்கு, அதுவும் வெளிநாட்டவருக்கு, தலைநகரின் கடற்கரையில் இடம் கிடைத்தது. அவர் ஞானஸ்நானம் கொடுத்தார் என்பதற்காக யாரும் அந்தச் சிலையை வைக்கவில்லை. அவர் தமிழுக்குச் செய்ததற்காக வைத்தார்கள். அதில் நமக்குக் குறை ஒன்றும் இல்லை.

யார் இவர்? 1680 நவம்பர் 8ஆம் நாள் வட இத்தாலியில், மாந்துவா நகருக்கு அருகில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊரின் பெயரை நம் பங்கில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். இளைஞர்களின் பாதுகாவலரான புனித ஞானப்பிரகாசியார், அலோசியஸ் கொன்சாகா, பிறந்ததும் அதே ஊர்தான். பெஸ்கி 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710இல் லிஸ்பனில் கப்பலேறி கோவாவுக்கு வந்தார். பிறகு மதுரை மறைபரப்புப் பகுதிக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. முப்பது வயதுக்கு மேல் ஒரு புதிய மொழியை, அதுவும் எழுத்து முதல் எல்லாமே வேறான மொழியை, கற்றுக்கொள்ள முயன்றவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

பதினைந்து ஆண்டுகளில் அவர் தேம்பாவணி எழுதினார். மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3,615 பாடல்கள். புனித சூசையப்பரை 'வளன்' என்று பெயரிட்டுக் காப்பிய நாயகனாக ஆக்கினார். அதோடு நிற்கவில்லை. சதுரகராதி என்ற அகராதியை 1732இல் முடித்தார். அதுவரை சொற்பொருள் அறிய நிகண்டுகளைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். அவை செய்யுள் நடையில் இருக்கும். சொற்களை அகர வரிசையில் அடுக்கி, தேடி எடுக்கும்படி செய்தது சதுரகராதி. தொன்னூல் விளக்கம் என்ற இலக்கணம், திருக்குறளின் அறத்துப்பாலுக்கும் பொருட்பாலுக்கும் லத்தீன் மொழிபெயர்ப்பு, சிரிக்கச் சிரிக்கப் படிக்கும் பரமார்த்த குரு கதை, எல்லாம் அதே கையிலிருந்து வந்தவை.

அவருடைய இன்னொரு வேலை, நாம் தினமும் கண்ணால் பார்ப்பது. ஓலைச்சுவடிக் காலத்தில் குறில் 'எ'கரத்துக்கும் நெடில் 'ஏ'காரத்துக்கும் வடிவத்தில் வேறுபாடு தெரியாது. புள்ளி வைத்துப் பிரிக்க வேண்டும் என்பது பழைய இலக்கணம். ஆனால் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆகவே எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள். படிக்கிறவர்தான் இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். ஒகர ஓகாரத்துக்கும் இதே கதை. வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனிக் கொம்பு கொடுத்தார். இரட்டைச் சுழி என்று நம் குழந்தைகள் ஒன்றாம் வகுப்பில் எழுதிப் பழகுவது அதைத்தான்.

ஓசூர் சிப்காட் பக்கம் போய்ப் பாருங்கள். மூக்கண்டப்பள்ளியிலும் பேடரப்பள்ளியிலும் கேட்டுக்குக் கேட்டு ஒரு அட்டை தொங்கும்: 'வேலைக்கு ஆட்கள் தேவை'. அந்த மூன்று சொற்களில் இரண்டு இடத்தில் வீரமாமுனிவரின் சுழி இருக்கிறது. வந்த ஊரில் பிழைக்க வந்தவர்களைக் கூப்பிடும் அட்டையில், வெளியூரிலிருந்து வந்த ஒருவர் போட்ட சுழி.

சிலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிலையில் இல்லாத ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீரமாமுனிவருக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர் சுப்ரதீபக் கவிராயர் என்று மரபு சொல்கிறது. புலவர். ஒரு பரங்கி வந்து, 'எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுங்கள்' என்று கேட்கிறான். 'பரங்கி' என்ற சொல்லின் எடையை இன்று நம்மால் முழுதாக உணர முடியாது. மாட்டிறைச்சி தின்பவன், மது குடிப்பவன், குளிக்காதவன், துப்பாக்கியோடு வருபவன் என்ற எல்லா அர்த்தமும் அதற்குள் அடங்கியிருந்தது. இவருக்கு நூறாண்டுக்கு முன் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலியும் இத்தாலியர்தான். 'நான் பரங்கி அல்ல' என்று சொல்லிக்கொள்ளவே அவர் எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது! அப்படிப்பட்ட காலத்தில் ஒரு புலவர் பாயை விரித்து, 'உட்கார்' என்றிருக்கிறார். அசை, சீர், தளை, தொடை என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். இந்த அந்நியன் வெண்பாவில் தளை தட்டும்போது திருத்தியிருக்கிறார். அவருக்கு மெரினாவில் சிலை இல்லை.

எல்லோரும் அப்படி வரவேற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆரம்ப ஆண்டுகளில், தெற்கே காமநாயக்கன்பட்டிப் பகுதியில் பணி செய்தபோது, பெஸ்கி பிடிபட்டுச் சிறையில் கிடந்து, மரணத்தின் விளிம்புவரை போய் மீண்டார் என்று அவர் வரலாறு சொல்கிறது. பின்னாளில் அரியலூர்ப் பக்கம் ஏலாக்குறிச்சியில் அவர் கோயில் எழுப்பியபோது, அந்த மாதாவுக்கு அடைக்கல மாதா என்று பெயர். அந்த ஊருக்கு அவர் வைத்த பெயர் திருக்காவலூர். ஓடி வருகிறவர்களுக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்று தெரிந்த மனிதர் வைத்த பெயர்கள் இவை. தேம்பாவணியிலும் பாருங்கள்: வளனும் மரியாளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்குப் போவதை அவர் விரிவாகப் பாடுகிறார். வேறு நாட்டுக்குப் போய்ப் பிழைத்த ஒரு தச்சன் குடும்பத்தின் கதையை, வேறு நாட்டுக்கு வந்த ஒருவர், வந்த நாட்டின் மொழியில் காப்பியமாக்கியிருக்கிறார்.

'அடைக்கலம்' என்றதும் இன்னொரு சிலை நினைவுக்கு வருகிறது. அதே கடற்கரையில் கண்ணகி நிற்கிறாள். 2001 டிசம்பரில் அந்தச் சிலை அகற்றப்பட்டு, 2006 சூனில் மீண்டும் வைக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். கண்ணகியும் ஊர் விட்டு ஊர் வந்தவள்தான். புகாரிலிருந்து மதுரைக்கு, கையில் சிலம்பைத் தவிர ஒன்றும் இல்லாமல். அவளுக்கும் கோவலனுக்கும் மதுரையில் வீடு கொடுத்தவள் மாதரி என்ற இடைக்குல மூதாட்டி. சிலப்பதிகாரத்தில் அந்தப் பகுதிக்கே அடைக்கலக் காதை என்று பெயர். மதுரை அந்தப் புதியவர்களை எப்படி நடத்தியது என்பது நமக்குத் தெரியும். விசாரணையே இல்லாமல் ஒருவன் வெட்டப்பட்டான். தன்னிடம் அடைக்கலமாக விடப்பட்டவர்களுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று மாதரி தீயில் பாய்ந்து இறந்ததாக இளங்கோ சொல்கிறார். சிலை கண்ணகிக்கு. மாதரியைத் தமிழாசிரியர்களைத் தவிர யாருக்கு நினைவிருக்கிறது?

நேயர்களே, விசாரணை இல்லாமல் வெட்டப்பட்ட புதியவன் என்று சொன்னேன். அது காப்பியத்தில் மட்டும் நடக்கவில்லை. இத்தாலியர் ஒருவர் நம்மிடம் வந்த கதையைப் பார்த்தோம். இத்தாலியர்கள் லட்சக்கணக்கில் அமெரிக்காவுக்குப் போன கதையையும் கொஞ்சம் பார்ப்போம்.

1880க்கும் 1920க்கும் இடையில் சுமார் 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். பெரும்பாலும் தெற்கு இத்தாலியின் ஏழை விவசாயிகள். சிசிலித் தீவிலிருந்து போன பலர் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் இறங்கினார்கள். லூசியானா மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் விடுதலை பெற்றபின் ஆள் தேவைப்பட்டது. அந்த இடத்துக்கு இவர்கள் போனார்கள். இதே காலத்தில், இதே காரணத்துக்காக, நம் தமிழ் மக்கள் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலின் கரும்புத் தோட்டத்துக்கும் மொரீஷியஸ் கரும்புத் தோட்டத்துக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே சர்க்கரைக்காகத்தான்.

சிசிலிக்காரர்களை அங்கே 'டேகோ' என்று ஏளனமாக அழைத்தார்கள். 1890 அக்டோபரில் நியூ ஆர்லியன்ஸ் காவல்துறைத் தலைவர் டேவிட் ஹென்னசி சுடப்பட்டு இறந்தார். இத்தாலியர்கள்தான் செய்தார்கள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஒன்பது பேர் மீது விசாரணை நடந்தது. ஆறு பேரை நடுவர் குழு விடுவித்தது. மூன்று பேர் விஷயத்தில் முடிவுக்கு வர முடியவில்லை. ஒருவரும் குற்றவாளி என்று தீர்ப்பாகவில்லை. மறுநாள், 1891 மார்ச் 14 அன்று, ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டு சிறையை உடைத்து உள்ளே போய் 11 இத்தாலியர்களைக் கொன்றார்கள். அவர்களில் சிலர் விசாரிக்கப்படவே இல்லை. கூட்டத்தை வழிநடத்தியவர்கள் ரௌடிகள் அல்லர், வழக்கறிஞர்களும் வியாபாரிகளும். நகரத்தின் பெரிய மனிதர்கள். அந்த நகரின் மேயர் அதற்காக முறையாக மன்னிப்புக் கேட்டது 2019 ஏப்ரலில். 128 ஆண்டுகள் கழித்து.

அடுத்த ஆண்டு 1892, கொலம்பஸ் கடற்பயணத்தின் 400ஆம் ஆண்டு. நியூயார்க்கில் இத்தாலியத் தொழிலாளிகள் தங்கள் பத்திரிகை மூலம் காசு திரட்டிக் கொலம்பஸுக்கு ஒரு பெரிய தூண் சிலை வைத்தார்கள். 'உங்கள் நாட்டைக் கண்டுபிடித்தவனே எங்கள் ஊர்க்காரன். எங்களை ஏன் விரட்டுகிறீர்கள்?' என்று கேட்பதுபோல அது நின்றது. அந்த வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் கொலம்பஸ் அவர்களில் ஒருவர் அல்ல. அவர் பிழைக்கப் போகவில்லை, பிடிக்கப் போனார். அங்கே ஏற்கெனவே வாழ்ந்திருந்த பூர்வகுடி மக்களுக்கு அவர் வருகை என்ன செய்தது என்ற கேள்வி அடுத்த நூற்றாண்டில் வளர்ந்தது. 2020இல் அமெரிக்காவின் பல நகரங்களில் கொலம்பஸ் சிலைகள் கயிறு கட்டி இழுக்கப்பட்டன. சில நகரங்களில் நகராட்சியே இறக்கிவிட்டது. கூலிக்காரத் தாத்தாக்கள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு தப்பான ஆளுக்குப் போய்விட்டதே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கொலை நடந்த அதே நியூ ஆர்லியன்ஸில், மிசிசிப்பி ஆற்றின் கரையில், 1995இல் ஒரு பளிங்குச் சிலை வைக்கப்பட்டது. இத்தாலிய வம்சாவளியினர் முன்னின்று வைத்தார்கள். செதுக்கியவர் பிராங்கோ அலெஸ்ஸாண்ட்ரினி. குடியேறியவர் நினைவுச் சின்னம் என்று அதற்குப் பெயர். அதற்கு இரண்டு பக்கம். ஆற்றைப் பார்த்து, கப்பலின் முகப்பில் இருப்பதுபோல, ஒரு பெண் உருவம். மறுபக்கம் நகரத்தைப் பார்த்து ஒரு சாதாரணக் குடும்பம். பெயர் இல்லை. தளபதி இல்லை, மாலுமி இல்லை. வந்து இறங்கி, 'இனி எங்கே போவது' என்று ஊரைப் பார்த்து நிற்கிற குடும்பம். இதை அந்த மக்கள் நூறு ஆண்டுக்கு முன்பே வைத்திருக்கலாம். ஆனால் அவமானப்படுகிறவன் தன்னைப் போன்ற ஒருவனுக்குச் சிலை வைக்க மாட்டான். தன்னைவிடப் பெரிய ஒருவனுக்குப் பின்னால்தான் ஒளிந்துகொள்வான்.

நியூயார்க்கிலும் அதுபோல் ஒன்று நடந்தது. இது நம் திருச்சபையோடு சேர்ந்த கதை. அன்னை பிரான்செஸ்கா கப்ரினி இத்தாலியில் 1850இல் பிறந்தவர். புனித சவேரியார்மீது அவ்வளவு பற்று. அவர் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். நம் கடற்கரையில் பரதவ மக்கள் நடுவே நடந்த அதே சவேரியார்தான். அவரைப் போலக் கிழக்கே, சீனாவுக்கு, போக வேண்டும் என்பது கப்ரினியின் ஆசை. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, கிழக்கே அல்ல, மேற்கே போ என்றார். 1889 மார்ச் மாதக் கடைசியில் அவர் நியூயார்க்கில் இறங்கினார். தங்க இடம்கூடச் சரியாக ஏற்பாடாகவில்லை. உள்ளூர்ப் பேராயரே திரும்பிப் போகச் சொன்னார். அவர் போகவில்லை. அனாதை இல்லம், பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கினார். 1917இல் இறந்தார். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களில் முதல் புனிதராக 1946இல் உயர்த்தப்பட்டார். 2018இல் நியூயார்க் நகரில் பெண்களுக்குச் சிலை வைக்க மக்களிடம் பெயர் கேட்டபோது அதிகம் பேர் சொன்ன பெயர் இவருடையது. ஆனால் தேர்வில் இவர் பெயர் விடுபட்டது. பெரிய சர்ச்சையாகி, பிறகு மாநில ஆளுநர் தலையிட்டு, 2020 அக்டோபர் 12 அன்று சிலை திறக்கப்பட்டது. துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு படகு. அதில் அன்னையும் இரண்டு பிள்ளைகளும். திறந்த நாள் கொலம்பஸ் தினம் என்பதைக் கவனியுங்கள்.

சரி, சாமியார் ஓசூரில் உட்கார்ந்துகொண்டு நியூயார்க் கதை ஏன் சொல்கிறார் என்று கேட்பீர்கள். ஓசூருக்கே வருகிறேன்.

நம் ஊர் எப்போதும் வந்தவர்களின் ஊர்தான். இங்கே பழைய குடும்பங்களில் பாதிக்குமேல் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். உருது பேசுகிறவர்களும் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் மைசூர் மறைபரப்புப் பணியைத் தொடங்கிய லியோனார்தோ சின்னாமியும் ஒரு இத்தாலியர். அவரும் முதலில் செய்த காரியம் கன்னடம் கற்று இலக்கணம் எழுதியது. பிறகு 1970களில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் வந்தன. நெல்லை, தூத்துக்குடி, திருச்சி, சேலம், தருமபுரி என்று எங்கிருந்தெல்லாமோ வந்து டர்னர், ஃபிட்டர் வேலையில் சேர்ந்தோம். நம் ஞாயிறு திருப்பலியில் உட்கார்ந்திருக்கிறவர்களின் தாத்தா கல்லறை எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டால், ஓசூர் என்று சொல்கிறவர் குறைவு. 'தண்ணி' என்று கேட்டால் 'நீலா, நீரா' என்று திருப்பிக் கேட்ட வீட்டுக்காரர்களை நம் பெரியவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். வாடகைக்கு வீடு தந்த அந்தத் தெலுங்குப் பாட்டிகளும் நம் மாதரிகள்தான்.

இப்போது வருகிறவர்கள் இன்னும் தூரத்திலிருந்து வருகிறார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம். பாகலூர், தளி பக்கம் ரோஜாப் பசுமைக்குடில்களில் பூ பறிக்கிறார்கள். பர்கூர் பக்கம் கிரானைட் அறுக்கிறார்கள். கம்பெனிகளில் காண்ட்ராக்டில் மூன்று ஷிப்டும் நிற்கிறார்கள். 2022 நவம்பரில் மத்திய அமைச்சர் ஒருவர், ஓசூர் அருகே வரும் கைபேசித் தொழிற்சாலையைப் பற்றிப் பேசும்போது, ராஞ்சி, ஹசாரிபாக் சுற்றுப்புறங்களைச் சேர்ந்த சுமார் 6,000 பழங்குடிப் பெண்களுக்கு அங்கே வேலை என்று குறிப்பிட்டார். அந்த ஊர்ப் பெயர்களைக் கேட்டபோது எனக்கு வேறொரு கணக்கு நினைவுக்கு வந்தது. 1834 நவம்பர் 2 அன்று 'அட்லஸ்' என்ற கப்பல் மொரீஷியஸில் 36 இந்தியத் தொழிலாளர்களை இறக்கியது. ஒப்பந்தக் கூலி முறையின் பெரிய சோதனை அப்போது தொடங்கியது. அந்த 36 பேரும் பெரும்பாலும் சோட்டாநாகபுரி மலைநாட்டுப் பழங்குடிகள். ராஞ்சி அந்த மலைநாட்டில்தான் இருக்கிறது. அவர்களுக்குப் பின்னால் 1920வரை ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர், தமிழர்கள் உள்பட, அதே துறையில் இறங்கினார்கள். அந்தத் துறையின் கல்படிகளை இன்று அப்ரவாசி காட் என்ற பெயரில் பாதுகாக்கிறார்கள். 2006இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றங்கரையில், சுரினாம் நாட்டுக்குப் போனவர்களின் நினைவாக 2015இல் ஒரு சிலை வைத்தார்கள். மூட்டையோடு நிற்கும் ஒரு கிராமத்துக் கணவனும் மனைவியும். 'மாய்-பாப்', அம்மா-அப்பா, என்று அதற்குப் பெயர். நியூ ஆர்லியன்ஸ் குடும்பத்துக்கு அது சொந்தக்காரர் மாதிரி. சென்னைத் துறைமுகத்தில் அப்படியொன்றை நான் பார்த்ததில்லை. மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கிறது. நான்கு பேர் பாறையை நெம்புகிறார்கள். எந்த ஊர்க்காரர்கள் என்று அந்தச் சிலை சொல்வதில்லை.

பரங்கி என்றோம். டேகோ என்றார்கள். இப்போது நம் வாயில் புழங்கும் சொல் 'வடக்கன்'. நம் பங்கு மக்களே சொல்கிறார்கள். பலிபீடத்துக்கு முன்னால் சொல்வதில்லை, அவ்வளவுதான். 'வடக்கனுக்கு வீடு விடுறதில்ல சாமி' என்று என்னிடமே ஒரு வீட்டுக்காரர் சொன்னார். லைன் வீட்டில் ஒரு அறைக்கு எட்டுப் பேரை வைத்து, ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கில் வாடகை வாங்குகிறவர்களும் உண்டு. 2023 மார்ச் தொடக்கத்தில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. வேறெங்கோ நடந்த சண்டைகளை எடுத்து ஒட்டிய வீடியோக்கள். பயந்துபோன தொழிலாளர்கள் ரயிலேறினார்கள். நம் காவல்துறை அது பொய் என்று இந்தியிலும் அறிவிக்க வேண்டியிருந்தது. பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பிப் பார்த்துவிட்டுப் போனது. பொய்தான். ஆனால் ஒரு பொய் அவ்வளவு வேகமாக நம்பப்பட்டது ஏன்? பக்கத்து வீட்டுக்காரனிடம் 'இது உண்மையா அண்ணா?' என்று கேட்க அந்தப் பையன்களுக்கு ஒரு மொழி இல்லை. கேட்கத் தெரிந்திருந்தால் பாதிப் பேர் ரயிலேறியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

பழைய ஏற்பாட்டில் ஆண்டவர் தம் மக்களுக்குச் சட்டம் கொடுக்கும்போது, அந்நியரை உங்களில் ஒருவர்போல நடத்துங்கள் என்கிறார். அதற்கு அவர் சொல்லும் காரணம் இரக்கம் அல்ல. நினைவு. எகிப்தில் நீங்களும் அப்படித்தானே இருந்தீர்கள் என்கிறார். லேவியர் நூலின் 19ஆம் அதிகாரத்தை இன்று வீட்டில் திறந்து படித்துப் பாருங்கள். டர்னர் வேலைக்கு வந்த உங்கள் அப்பாவின் முதல் வருடத்தை நினைத்துக்கொண்டு படியுங்கள்.

வீரமாமுனிவரின் இன்னொரு நூலைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். தேம்பாவணியைவிட இன்று நமக்கு அவசரமான நூல் அது. 1728இல் அவர் லத்தீனில் ஒரு கொடுந்தமிழ் இலக்கணம் எழுதினார். கொடுந்தமிழ் என்று அவர் சொன்னது தெருவிலும் வீட்டிலும் மக்கள் பேசுகிற தமிழை. செந்தமிழுக்குத் தனி நூல் எழுதினார். அது புலவர்களோடு பேச. இது புதிதாக வந்து இறங்குகிற குருக்களுக்காக. கப்பலிலிருந்து இறங்கியவன் நன்னூல் படித்துவிட்டுக் கிராமத்துப் பாட்டியிடம் பேச முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தான் பட்ட கஷ்டம் பின்னால் வருகிறவன் படக்கூடாது என்று எழுதியிருக்கிறார். அந்த நூல் 1738இல் அச்சானது. எங்கே தெரியுமா? தரங்கம்பாடியில், லூத்தரன் சபையாரின் அச்சுக்கூடத்தில். அவர்களை எதிர்த்து இவர் நூல்களே எழுதியிருக்கிறார். அவர்களும் இவரைச் சும்மா விடவில்லை. இருந்தும், வந்தவன் பேசப் பழகுவதற்கு இது உதவும் என்று கண்டு அச்சிட்டார்கள்.

வீரமாமுனிவர் 1747இல் கேரளத்து அம்பழக்காட்டில் இறந்தார். இத்தாலிக்குத் திரும்பவே இல்லை. அவர் ஏடுகளைத் தேடி 1816 வாக்கில் ஊர் ஊராகப் போனவர் முத்துசாமிப் பிள்ளை என்ற தமிழர், சென்னைக் கோட்டைக் கல்லூரியில் வேலை பார்த்தவர். 1822இல் அவர்தான் தமிழில் முனிவரின் சரித்திரத்தை எழுதினார். சிலைக்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் நடந்தது அது.

நம் பங்கில் இந்தி தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியைகள் மூன்று, நான்கு பேர் இருக்கிறார்கள். ரயில்வேயிலும் ராணுவத்திலும் இருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். மாலை ஆராதனைக்குப் பின்வரிசையில் வந்து நிற்கும் ஜார்க்கண்ட் பெண்பிள்ளைகள் நம் பாட்டுக்கு வாய் அசைக்கிறார்கள், அர்த்தம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலைத் திருப்பலி முடிந்து பதினொரு மணிக்கு மறைக்கல்வி வகுப்பறை காலியாகத்தான் இருக்கிறது. கரும்பலகை இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது. அசை, சீர், தளை வேண்டாம். வாடகை, சம்பளச் சீட்டு, காய்ச்சல், எந்த பஸ், மீதிச் சில்லறை, 108 என்று முதல் நாளுக்கு இவ்வளவு போதும். அடுத்த வாரம் அந்த நெடில் சுழியைச் சொல்லிக்கொடுக்கலாம். வழியில் தொங்கும் அட்டையை அவர்களே படித்துக்கொண்டு வருவார்கள்.